நாட்டின் இசையும் ஆக்குவோன் உரிமையும்

ஒரு நாட்டிற்கு உரிய இசை யாது என்னும் வினா, அந்நாடு பிறர் ஆட்சியினின்றும் நீங்கிய மறுநாளே எழுவது இயல்பு. கொடி ஒன்று வேண்டும். இலச்சினை ஒன்று வேண்டும். யாவரும் எழுந்து நின்று பாடுதற்குக் கீதம் ஒன்று வேண்டும். கொடியையும் இலச்சினையையும் வரைந்து முடித்தற்குச் சில திங்கள் போதும். இசையோ அவ்வாறன்று. அதனை ஆக்குவோன் ஒருவன் உளன். இளமை தொட்டு அவன் செவியில் விழுந்த ஒலிகள் பல உள. அவற்றுள் எவை நாட்டிற்குரியவை, எவை அயலார்க்குரியவை எனப் பிரித்துக் காட்டுதல் அவனுக்கே அரிது. ஆயினும் குழுக்களும் சபைகளும் திணைக்களங்களும் அப்பிரிவினையை அவனுக்காகச் செய்து கொடுக்க விரைந்து முன்வருகின்றன. இலங்கையில் 1948ஆம் ஆண்டையடுத்து நிகழ்ந்தவற்றை ஆராய்வார்க்கு, இம்முயற்சியால் விளைந்த நன்மை சிறிது, இழப்புப் பெரிது என்பது புலனாகும்.

ஆக்குவோன் என ஈண்டுக் குறிக்கப்படுபவன் யார் என்பதை முதற்கண் தெளிதல் நன்று. கருநாடக மரபில் சாகித்தியத்தையும் அதன் இசையையும் ஒருங்கே இயற்றுவோனை வாக்கேயகாரன் என்பர். அவன் இயற்றிய கீர்த்தனையைப் பாடுவோன் இராக ஆலாபனையிலும் நிரவலிலும் கற்பனைச் சுரத்திலும் தன் மனோதர்மத்தைக் காட்டுகின்றான். ஆகவே அம்மரபில் ஆக்கற் சுதந்திரம் இருவர்க்கும் பகிரப்பட்டுள்ளது. மேனாட்டு மரபில் எழுதப்பட்டதையே வாசிப்போன் வாசித்தல் வேண்டும் என்பதால், அச்சுதந்திரம் பெரும்பாலும் எழுதுவோன் கையிலேயே தங்கும். 1940களிற் சிங்கள இசைக்கு இவ்விரண்டனுள் ஒன்றும் உறுதிப்பட்டிருக்கவில்லை. கிராமத்துக் கவியும், கண்டிய ஆடலுக்குரிய வன்னமும், தாலாட்டும், கோயிற் பறைமுழக்கும், பார்சி நாடகக் குழுவினரைப் பின்பற்றி எழுந்த நூர்த்திப் பாட்டும் இருந்தன. மன்றில் அமர்ந்து கேட்டற்குரிய கலையிசை ஒன்று புதிதாக ஆக்கப்படவேண்டியிருந்தது. பூசல் மிகுந்ததற்கு இதுவே காரணம். மரபு உறுதியாக உள்ள இடத்தில் அதனை மீறுவோனை மட்டும் கடிந்தால் அமையும். மரபு உருவாகும் இடத்திலோ அதனைத் தொடங்குவோர் அனைவரும் ஐயத்திற்கு உள்ளாவர்.

ஆனந்த சமரக்கோன், சுனில் சாந்த என்னும் இருவர் வரலாறும் இவ்விடயத்தில் ஒருங்குவைத்து நோக்கற்பாலன. முன்னவர் 1911இலும் பின்னவர் 1915இலும் பிறந்தவர்கள். இருவரும் கிறித்தவக் குடும்பத்தினர். மேனாட்டுப் பெயர் தாங்கி வளர்ந்தோர். தாகூர் நிறுவிய சாந்திநிகேதனத்தை நாடிச் சென்று, பெயரையும் மாற்றிக்கொண்டு மீண்டோர். இந்நாட்டிற்குரிய இசையைத் தேடிப் புறப்பட்ட இருவரும் வங்காளத்தின் வாயிலாகவே அதனைக் கண்டனர் என்பது சிந்திக்கத்தக்கது. தன் வீட்டைக் காண ஒருவன் சிலபோது அயலூருக்குச் சென்று திரும்பவேண்டியிருக்கிறது.

சமரக்கோன் 1940இல் 'நமோ நமோ மாதா' என்னும் பாடலை இயற்றினார். அது பள்ளிகளிற் பாடப்பட்டுப் பரவி, 1951ஆம் ஆண்டு நவெம்பரில் அரசாங்கத்தால் தேசிய கீதமாக ஏற்கப்பட்டது. அதன் நடையிற் சாந்திநிகேதனத்துச் சாயல் உண்டு. தாகூரே அதற்கு இசையமைத்தார் என்று கூறுவாரும் அதனை மறுப்பாரும் இன்றும் உளர். அஃது எவ்வாறாயினும், இசைபற்றி அன்று பெரும்பூசல் எழவில்லை. எழுந்தது முதற்சொற்பற்றியே. பாடலின் தொடக்கத்தில் அமைந்த கணம் மங்கலமற்றது என்றும், 1952இல் ஒரு பிரதமர் இறந்ததற்கும் 1959இல் மற்றொருவர் கொலையுண்டதற்கும் அதுவே காரணம் என்றும் ஒரு சாரார் கிளப்பினர். செய்யுட்குப் பொருத்தம் பார்க்கும் வழக்கம் தமிழ்ப் பாட்டியல் நூல்களிலும் உண்டாதலின் தமிழர்க்கு இது வியப்பன்று. வியப்பாவது, அப்பொருத்தத்தை ஓர் அரசாங்கம் ஏற்று, இயற்றியவர் உயிரோடிருக்கும்போதே, அவர் உடன்பாடின்றி, 1961இல் முதற்சொற்களை 'ஸ்ரீ லங்கா மாதா' என மாற்றியமை. சமரக்கோன் எதிர்த்தார், எழுதினார், பயனில்லை. 1962ஆம் ஆண்டு ஏப்பிரில் 5ஆம் நாள் அவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அவர்க்கு வேறு துயர்களும் இருந்தன; ஆயினும் தம் பாடல் தலை கொய்யப்பட்டதென்னும் மனப்புண் அவற்றுள் ஒன்று என்பதை அவரை அறிந்தோர் எவரும் மறுத்திலர்.

இவ்வரலாற்றில் மற்றொரு செய்தியும் உண்டு. அக்கீதத்தைத் தமிழில் ஆக்கியவர் முதுதமிழ்ப் புலவர் மு. நல்லதம்பி. சிங்களச் சொற்களின் குறிலுக்கும் நெடிலுக்கும் இசைய அமைந்த மெட்டொன்றில், தமிழ்ச் சொற்களைத் தமிழின் இயல்பு கெடாது பொருத்துதல் எளிதன்று. மெட்டுக்குப் பாட்டெழுதுதலைக் குறைவாக எண்ணுவோர் அதனைச் செய்து பார்த்தவரல்லர். வங்கத்துச் சாயலில் ஒரு சிங்களர் இயற்றிய இசையில் யாழ்ப்பாணத்துப் புலவரின் தமிழ் ஏறி அமர்ந்தது. அதனைத் தமிழன்று என எவரும் சொல்லவில்லை. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு கீதத்தின் சொற்களையும் இசையையும் ஓர் அட்டவணையாகவே இணைத்தது. ஓர் இசையமைப்பு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் இடம்பெறுதல் பெரும்பேறே. ஆயின் அங்கே அச்சேறியது இயற்றியவர் விரும்பிய வடிவம் அன்று.

சுனில் சாந்தவின் வழக்கு இதனினும் நுட்பமானது. ஏனெனில் ஈண்டுப் பூசல் இசைபற்றியதே. அவர் சாந்திநிகேதனத்திற் சில காலம் பயின்றபின் இலக்னோ நகரிற் பாத்கண்டே நிறுவிய இசைக் கல்லூரியிற் கற்று விசாரதப் பட்டம் பெற்று, 1944 அளவில் இந்துஸ்தானி இசையில் வல்லவராக மீண்டார். மீண்டவர் தாம் கற்றதை மேடையிற் பரப்பவில்லை. குமாரதுங்க முனிதாச நிறுவிய ஹெல ஹவுல இயக்கத்தின் தூய மொழிக் கொள்கையில் ஈடுபட்டார். வடமொழி கலவாத சிங்களத்திற் பாடல் எழுதுவிப்பதும், இராகக் கட்டினின்று விலகிய எளிய மெட்டுக்களை அமைப்பதும், அவற்றிற்கு மேனாட்டு ஒத்திசையைத் துணையாக்குவதும் அவர் நெறியாயின. இலங்கை வானொலி அவர் பாடல்களை ஒலிபரப்பியது. நாடு முழுவதும் அவை பாடப்பட்டன.

1952இல் வானொலி நிலையத்தார் பாடகர்களைத் தரப்படுத்த விரும்பி, இலக்னோக் கல்லூரித் தலைவர் பண்டிதர் எஸ். என். இரதன்ஜங்கரை வருவித்தனர். அவர் பேரறிஞர், பாத்கண்டேயின் மாணவருள் தலைசிறந்தவர். சுனில் சாந்தவோ அவருடைய கல்லூரியிலேயே பட்டம் பெற்றவர். தேர்வுக்குச் சென்றிருப்பின் உயர்ந்த தரம் பெறுதல் அவர்க்கு அரிதன்று. அவர் செல்ல மறுத்தார். இலங்கையின் பாடலை இந்திய அளவுகோலால் அளத்தல் அப்பாடல் வளரும் திசையையே மாற்றிவிடும் என்பது அவர் கொள்கை. மறுத்ததன் பயனாக வானொலிக் கதவு அவருக்கு அடைபட்டது. அவ்வாண்டுகளில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1956இல் எடுத்த 'ரேகாவ' திரைப்படத்திற்கு அவர் இசையமைத்தார். அப்படத்தின் இசை இன்றும் போற்றப்படுகின்றது. எனினும் பாடகன் ஒருவனுக்கு வானொலியே வாழ்வாக இருந்த காலத்தில் அது இல்லாமல் வாழ்வது எத்தன்மையது என்பதை ஊகித்தறியலாம். ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் அமைந்த 1967இலேதான் அவருக்கு மீண்டும் அழைப்பு வந்தது. பதினைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. அவர் 1981இல் மறைந்தார்.

இவ்விருவர் கதையையும் கேட்போர் அரசாங்கத்தைக் குறைகூறி அமைதல் எளிது. நடுநிலையாக நோக்கின் வேறொன்று தென்படும். வானொலி நிலையத்தாரும் தேசிய இசையை வளர்க்கவே முயன்றனர். சுனில் சாந்தவும் அதன்பொருட்டே அவர்களை எதிர்த்தார். முன்னவர், செம்மையான சாத்திரமின்றி நாட்டிசை உயராது என்றனர்; பின்னவர், அயற்சாத்திரம் நாட்டிசையை விழுங்கும் என்றார். இரு கட்சியும் தேசியத்தையே சான்று காட்டின. அவருடைய தூய்மைக் கோட்பாடும் ஒரு வேலியே. அவ்வேலியைத் தம் தோட்டத்திற்குத் தாமே இட்டுக்கொண்டார் என்பதும், வானொலி பிறர் தோட்டத்திற்கு இட்டது என்பதும்தான் வேற்றுமை. அவ்வேற்றுமை சிறிதன்று. தன் கொள்கையால் ஒருவன் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வது கலை. மற்றொருவன் கொள்கையால் அவனைக் கட்டுப்படுத்துவது ஆணை.

இத்தகைய ஆணைகள் இலங்கைக்கு மட்டும் உரியனவல்ல. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை அயல்நாட்டுக் கருவி என விலக்கிற்று. 1970களிலேதான் அவ்விலக்குத் தளர்ந்தது. ஆனால் வயலினை எவரும் விலக்கவில்லை. அதுவும் ஐரோப்பாவிலிருந்து வந்ததே. முத்துசாமி தீட்சிதரின் தம்பியார் பாலுசாமி தீட்சிதர் அதனை மேனாட்டார் முறையிற் பயின்று கருநாடக இசைக்கு ஆக்கித் தந்தார். தீட்சிதர் தாமும் மேனாட்டு வாத்தியக் குழுவினர் வாசித்த மெட்டுக்களைக் கேட்டு அவற்றிற்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். நொட்டுச்சுர சாகித்தியங்கள் எனப் பெயர்பெற்ற அவற்றை இன்றும் தொடக்க மாணாக்கர்க்குக் கற்பிக்கின்றனர். ஆங்கில மன்னரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டும் அவற்றுள் ஒன்று. மும்மூர்த்திகளுள் ஒருவர் இவ்வாறு செய்தமையால் கருநாடக இசை குன்றியதாகக் கூறுவார் இலர்.

ஐரோப்பாவில் அங்கேரி நாட்டு இசைவாணர் பேலா பார்டொக் அடைந்த அனுபவமும் இத்தகையதே. அவர் தம் நண்பர் கொடாயுடன் ஊரூராகச் சென்று நாட்டுப்பாடல்களைத் திரட்டினார். தம் நாட்டுப் பாடலோடு நில்லாது உருமேனியர், சிலோவாக்கியர் பாடல்களையும் அதே அன்போடு திரட்டினார். முதலாம் உலகப் போரில் நிலப்பகுதிகளை இழந்து மனம் புண்பட்டிருந்த அந்நாட்டில், 1920இல், உருமேனியர் இசைபற்றி எழுதியமைக்காக அவரை நாட்டுப்பற்றற்றவர் எனத் தூற்றினர். இன்று அங்கேரியின் இசை எது என வினவுவார்க்கு முதலிற் கூறப்படும் பெயர்களுள் அவர் பெயரும் ஒன்று. சோவியத் நாட்டில் இதன் மறுபக்கம் நிகழ்ந்தது. 1936இலும் 1948இலும் ஷொஸ்தக்கோவிச் என்பாரை ஆளுங்கட்சி கண்டித்தது. மக்களுக்கு விளங்கும் இசையே இயற்றவேண்டும் எனப் பணித்தது. பின் 1958இல் தன் தீர்ப்புப் பிழையென்றும் ஒருவாறு ஒப்புக்கொண்டது. ஆணையிட்டோரே அதனை மீளப் பெறப் பத்தாண்டுகள் சென்றன.

இனி இலங்கையிற் 'கலப்பற்றது' எனக் கருதப்பட்டவை எத்தன்மையன என்று நோக்குவாம். பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1956இல் அரங்கேற்றிய 'மனமே' நவீன சிங்கள நாடகத்தின் தலைவாயில் என்பர். அதன் இசை, தென்மேற்குக் கரையில் வழங்கிய நாடகம என்னும் கூத்து மரபிலிருந்து எடுக்கப்பட்டது. நாடகம என்னும் பெயரே அதன் பிறப்பைக் கூறும். அது தமிழ்க் கூத்தின் வழிவந்தது என்பதை ஆராய்ந்தவருள் சரச்சந்திரவும் ஒருவர். தம் நூலில் அதனை மறைக்கவில்லை. அந்நாடகம் அளித்த ஊக்கத்தோடு பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மட்டக்களப்புக் கூத்தை 1960களில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியனவாகப் புதுக்கினார். விடியவிடிய ஆடப்பட்டது சில நாழிகையுள் அடங்கியது. வட்டக்களரி நகர மேடையாயிற்று. தமிழ்க் கூத்து சிங்கள நாடகமாகி, அச்சிங்கள நாடகத்தின் வெற்றி தமிழ்க் கூத்திற்குப் புத்துயிர் தந்தது. கொடுத்தவன் யார், கொண்டவன் யார் எனக் கணக்கெழுத முற்படுவோன் இடர்ப்படுவான்.

இக்கொடுக்கல்வாங்கலைச் செவியால் அறிய விரும்புவோர் சப்பிரகமுவவிற்கு வரல் வேண்டும். சிங்கள ஆடல் கண்டி, தாழ்நாடு, சப்பிரகமுவ என மூன்று மரபுடையது. கண்டி மரபிற்குக் கெட்ட பெரய, தாழ்நாட்டு மரபிற்கு யக் பெரய, சப்பிரகமுவ மரபிற்குத் தவுல என ஒவ்வொன்றிற்கும் ஒரு பறை உரியது. இரத்தினபுரி மகா சமன் தேவாலயத்துப் பெரகெராவில் முழங்குவது இத்தவுலவே. உருளை வடிவான அதன் ஒரு முகத்தைக் கோலாலும் மறுமுகத்தைக் கையாலும் அறைவர். இத்துணையும் கேட்ட தமிழ் மாணாக்கன் தவிலை நினையாமல் இரான். தவிலுக்கும் ஒரு முகம் கோலுக்குரியது, மறுமுகம் விரல்களுக்குரியது. பெயரொற்றுமை வெளிப்படை. மேலும், விகாரைகளில் ஹேவிசி என வழங்கும் வாத்தியக் குழுவில் தவுலவோடு தம்மெட்டமவும் ஹொரணாவ என்னும் துளைக்கருவியும் சேரும். ஹொரணாவ நாகசுரம் போல இரட்டைச் சீவாளியால் ஒலிப்பது. தமிழர் கோயில் வாயிலிற் கேட்கும் மேளமும் விகாரை வாயிலிற் கேட்கும் ஹேவிசியும் உடன்பிறப்பல்லவாயினும் ஒரு குலத்தன எனல் பொருந்தும்.

இத்தவுலவின் ஒலி எட்டும் தொலைவிலேயே மற்றொரு பறை உண்டு. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள், நுவரெலியாவின் தோட்டங்களைப் போல மலைமேல் மலையாகத் தொடர்ந்து கிடப்பனவல்ல. சிங்களக் கிராமங்களினிடையே ஆங்காங்கு பரந்தவை. லயத்தின் பின்புறத்தில் ஓர் ஓடை, ஓடைக்கு அப்பால் வயல், வயலின் எல்லையில் விகாரை என்பது பல இடங்களிற் காணும் அமைப்பு. லயத்துப் பறை தப்பு ஆகும். மரவளையம் ஒன்றில் தோல் போர்த்து, தீயிற் காய்ச்சி விறைப்பேற்றி, ஒரு கையில் தடித்த குறுங்கோலும் மறுகையில் மெல்லிய நெடுங்கோலும் கொண்டு அறையப்படுவது அது. அதிகாலையிற் பெரட்டுக்களத்திற்குத் தொழிலாளரை அழைத்தற்கு ஓரடி, சாவீட்டிற்கு ஓரடி, சாமி ஊர்வலத்திற்கு ஓரடி, காமன் கூத்திற்குப் பல அடிகள். அடியைக் கேட்ட மாத்திரத்தே லயத்திலுள்ளோர் நிகழ்வது யாதென அறிவர். மணிக்கூடும் செய்தித்தாளும் தப்பாகவே இருந்த காலம் ஒன்று உண்டு.

காமன் கூத்து மாசித் திங்களுக்குரியது. அமாவாசையை அடுத்துக் கம்பம் ஊன்றி, நாள்தோறும் இரவிற் பாடி ஆடி, சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிக்கப்பட்டமையையும், இரதி புலம்பியமையையும், அவன் மீள உயிர்பெற்றமையையும் நடிப்பர். தப்பின் அடி கதையின் ஒவ்வொரு நிலைக்கும் மாறும். இரதியின் புலம்பலில் ஒப்பாரியின் மெட்டு வந்து கலக்கும். பிள்ளையை இழந்தவளும் கணவனை இழந்தவளும் அவ்விடத்தில் இரதிக்காக மட்டும் அழுவதில்லை. அடியின் மாற்றத்தாற் கதையின் மாற்றத்தை உணர்த்தும் இம்முறை, ஓர் இசையமைப்பாளன் கருத்தூன்றிக் கற்றற்குரிய நுட்பம். ஐரோப்பிய இசைநாடகத்தில் வாத்தியக் குழு செய்வதை ஈண்டு இரண்டு மூன்று தப்புகள் செய்கின்றன.

ஆயினும் தேசிய இசைபற்றி எழுந்த பூசல்களில் இரு கட்சியாருள் ஒருவரும் தப்பை நினைத்திலர். அதற்குக் காரணம் தேடித் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. நாட்டிற்குக் கீதம் தெரிவு செய்யப்பட்ட ஆண்டுகளும் தோட்டத் தமிழரிற் பெரும்பாலார் குடியுரிமை இழந்த ஆண்டுகளும் ஒன்றே. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோர் ஆக்கிற்று. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவிற்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 150,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வதாக ஒதுக்கிற்று. எஞ்சியோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறிற்று. நாட்டவர் அல்லர் எனப்பட்டாரது பறை நாட்டுப்பறை ஆவதெங்ஙனம்? கப்பலேறியவருள் தப்படிப்போரும் கூத்து வாத்தியார்மாரும் இருந்தனர். ஒரு தோட்டத்தில் அண்ணாவியார் போயினபின் கூத்தும் நின்றது. மற்றொன்றில் தப்பு எஞ்சிப் பாட்டு மறைந்தது. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்து நூலாக்கியிராவிடின், தேயிலைக் கொழுந்தோடும் கங்காணியோடும் பிறந்த அப்பாடல்களுட் பல பெயருமின்றி மறைந்திருக்கும்.

தமிழர் தம்மையும் ஈண்டு வினவிக்கொள்ளல் வேண்டும். தமிழிசை இயக்கம் 1940களில், அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று நடத்த, சென்னையில் எழுந்தது. 1943இல் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பட்டது. தமிழ் மேடையில் தமிழ்ப்பாட்டு ஒலித்தல் வேண்டும் என்ற அதன் கோரிக்கை நேரியது. இசைக்கு மொழியில்லை எனக் கூறி அதனைத் தடுத்தோர் வாதம் வலியற்றது. ஈழத்தில் விபுலாநந்த அடிகள் பழந்தமிழிசையின் இலக்கணத்தை மீட்டு 1947இல் 'யாழ் நூல்' தந்தார். இவற்றாற் பாடுவோர்க்குப் பெருவலிமை கிடைத்தது. ஆயின் தமிழிசை என்றபோது எண்ணப்பட்டது தேவாரமும் கீர்த்தனையும் பதமும் ஆயினவேயன்றித் தப்பும் ஒப்பாரியும் அல்ல. சாதிப் பெயரால் ஒரு கருவியைத் தீண்டாமல் வைத்த வழக்கம் கடல் கடந்தும் வந்தது. பறையறைதல் இழிதொழில் எனக் கற்பிக்கப்பட்ட சிறுவன், தன் தந்தை நள்ளிரவில் அடித்த அடியின் கணக்கு மிருதங்க வகுப்பிற் சொல்லப்படும் சொற்கட்டுக்குத் தாழ்ந்ததன்று என எவ்வாறு அறிவான்? வட இலங்கைச் சங்கீத சபை 1931 தொட்டு இசைக்கல்வியைத் தரப்படுத்திச் செய்த தொண்டு பெரிது. தோட்டப்புறப் பிள்ளைகளும் அதன் சான்றிதழ் கொண்டு ஆசிரியராயினர். அச்சான்றிதழோடு தப்பின்பால் ஓர் அருவருப்பும் உடன் கிடைக்குமாயின் அது சபையின் பாடத்திட்டத்தின் குற்றமன்று. பயில்வோரும் பயிற்றுவோரும் வீட்டிலிருந்து கொண்டுவருவது.

இதற்கு விடையாகச் சிலர், ஒவ்வோர் இசைப்பாடகனும் இனித் தப்பையும் தவுலவையும் சேர்த்தே இயற்றல் வேண்டும், அதுவே ஒருமைப்பாடு என்பர். நல்லெண்ணத்தாற் பிறந்த இக்கருத்தும் ஓர் ஆணையே. விழா மேடைகளில் ஒரு புறம் தவுலவும் ஒரு புறம் தவிலும் நிறுத்தி, சிறிது நேரம் இருவரும் மாறிமாறி வாசித்து முடிக்கும் நிகழ்ச்சிகள் பலராலும் பார்க்கப்பட்டவை. அவற்றிற் கைதட்டல் உண்டு; இசை அரிது. இரண்டு கருவிகள் அருகருகே நிற்றல் வேறு. ஒருவன் உள்ளத்தில் அவை ஒன்றையொன்று கண்டுகொள்ளுதல் வேறு. பின்னது ஆணையால் நிகழாது. காலமும் தனிமையும் தோல்வியுறும் உரிமையும் அதற்கு வேண்டும்.

அவ்வுரிமையைத் தாமே எடுத்துக்கொண்டவருள் பிரேமசிறி கேமதாச குறிப்பிடத்தக்கவர். வாதுவையில் 1937இற் பிறந்து 2008இல் மறைந்த அவர், 'கொளு ஹதவத்த', 'நிதானய' முதலிய திரைப்படங்களால் அறியப்பட்டவர். மேனாட்டுச் சிம்பனி அமைப்பையும் கிராமத்துச் சிங்களப் பாடலையும் தம் விருப்பம்போல இணைத்தார். சிங்கள மொழியில் இசைநாடகங்கள் ஆக்கினார். அவற்றுள் 'அக்னி' 2007இல் அரங்கேறியது. சிங்களத்தன்மை குன்றியது என ஒரு சாராரும், மேனாட்டிலக்கணம் நிரம்பவில்லை என மறுசாராரும் அவரைக் குறைகூறினர். இருபுறத்தும் குறைகூறப்படுதல், தாம் எவருக்கும் விடை பகரவேண்டியதில்லை எனத் துணிந்தவன் அடையும் பரிசு போலும். அமரதேவ அவரினின்றும் வேறுபட்டவர். அவர் இலக்னோவிற் கற்ற இராகத்தையே அடிப்படையாகக் கொண்டு, கவியின் நடையையும் நாடகமவின் மெட்டையும் அதனுள் உருக்கினார். ஒருவர் வழி மற்றவர்க்குப் பொருந்தாது. இருவருள் எவர் வழி தேசியமானது என 1952இல் ஒரு குழுவைக் கேட்டிருப்பின், அஃது ஒருவரையே தெரிந்திருக்கும். நாடு இருவரையும் வைத்துக்கொண்டது.

தப்பிற்கு இன்னும் அத்தகைய ஒருவர் வாய்த்திலர். தமிழ்நாட்டில் பறை அண்மைக் காலத்தே மேடையேறி, ஆணும் பெண்ணும் சாதி வேறுபாடின்றிப் பயிலும் கருவியாயிற்று. இலங்கை மலையகத்திலும் இளைஞர் குழுக்கள் அதனைப் பெருமையோடு கையில் எடுக்கின்றனர். ஆயினும் கோரிக்கை ஊர்வலத்திலும் விழாத் தொடக்கத்திலும் முழங்குவதோடு அமைகின்றது. நெடிய இசையமைப்பொன்றில் அதற்கு இடம் தேடுவார் அரியர். தவுலவின் ஒலி கீழ்த்தாயில் உருள்வது. தப்பினது ஒலி மேலெழுந்து வெடிப்பது. முன்னதன் அடி பின்னதன் அடிக்கு நிலமாக அமையக்கூடும். இது தவுலவும் தப்பும் கேட்டு வளர்ந்த செவிக்கே முதலில் தோன்றும். அத்தகைய செவி கொழும்பிலோ சென்னையிலோ இருத்தல் அரிது. இறக்குவானையிலும் எட்டியாந்தோட்டையிலும் இருத்தல் எளிது.

அச்செவிக்கு வேண்டிய துணை சில உள. தவுலவின் அடிகள் எழுத்தில் அமைக்கப்பட்டு, சப்பிரகமுவ ஆடலோடு பள்ளிப் பாடத்திட்டத்தில் இடம்பெற்றுள்ளன. சிங்களப் பள்ளி மாணாக்கன் அதனைப் பாடமாக எடுத்துத் தேர்வெழுதலாம். தப்பின் அடிகள் இன்றும் பெரும்பாலும் கேள்வி வழியே நிற்கின்றன. பெரட்டுத் தப்பு பல தோட்டங்களில் ஓய்ந்து நெடுங்காலமாயிற்று. அவ்வடியைத் தன் கையாலறிந்த முதியோர் தொகை ஆண்டுதோறும் குறைகின்றது. பள்ளியில் நொட்டுச்சுரம் கற்ற மாணாக்கன் ஒருவன் மாசி இரவொன்றில் ஏட்டையும் எழுதுகோலையும் எடுத்துக்கொண்டு காமன் கம்பத்தருகே அமர்ந்து, அடிக்கு இத்தனை மாத்திரை, கோலுக்கு இன்ன சொல் எனக் குறிக்கத் தொடங்குதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. குறித்தபின் அதனை என் செய்வது என்பது அவனுக்கு உரியது.